மூன்றாம் வாசல், பெண்கள் வரிசை

ஆறு பேர் என்றுதான் கந்தோரில் சொன்னார்கள்.
மஞ்சள் அங்கி ஆறு வந்திருந்தது,
போட ஆள் நான் ஒருத்தி.
மற்ற ஐந்தையும் கதிரையில் அடுக்கி
மேலே என் சோற்றுப் பார்சலை வைத்தேன்.

கெத்தாராமையின் விளக்குகள்
வெயில் இருக்கும்போதே எரியத் தொடங்கின.
நாலரைக்குத் திறக்கவேண்டிய கதவு
ஐந்தேகாலுக்குத் திறந்தது,
அதுவும் ஒற்றைக் கதவு, பாதி.
வரிசை மதிலோடு போய்
மூலையில் திரும்பியது.
அதற்குப் பிறகு எவ்வளவு என்று
நான் எட்டிப் பார்க்கவில்லை.

கையை விரியுங்கோ. திரும்புங்கோ. பையைத் திறவுங்கோ.
அத் தெக உஸ்ஸன்ன, நங்கி.
தண்ணீர்ப் போத்தல் கூடாது. குடை கூடாது.
சில்லறைக் காசும் கூடாது, எறிவார்களாம்.
வாளியில் போடுங்கோ.

"ஒராள்தானா?"
"ஒராள்தான்" என்றேன்,
மீதி ஐந்து பேரையும்
நானே தின்றுவிட்டதுபோல.

பக்கத்தில் ஆண்களின் வரிசை
நாலு சோடிக் கைகளால் நகர்ந்தது.
உள்ளே போன புருஷன்மார்
கம்பிக்கு அப்பால் நின்று கைபேசியில் கத்தினார்கள்:
உனக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர்?
வத்தளைக்காரி ஒருத்தி பதில் சொன்னாள்:
"காஸ் சிலிண்டருக்கு மூன்று நாள் நின்ற கால் இது.
நீங்கள் மேட்சைப் பாருங்கோ."

என் கை எங்கே பழகியது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
ஓமந்தையில் அம்மாவின் சேலை மடிப்பை
விரித்துப் பார்த்தது வேறொரு கை.
எனக்கு அப்போது ஒன்பது வயது.
எந்த இடத்தில் மெல்லத் தொடவேண்டும் என்று
அந்தக் கைதான் எனக்குக் காட்டியது,
மெல்லத் தொடாமல்.

ஏழு மணிக்கு உள்ளே முதல் கூச்சல்.
வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் மதிலைப் பார்த்தது.
முகத்தில் சிங்கம் வரைந்த சிறுமி கேட்டாள்:
அவுட்டா, சிக்ஸரா?
எனக்கும் தெரியாது, பிள்ளை.
எனக்குத் தந்த இடம்
கூச்சலுக்கு முதுகைக் காட்டித்தான் இருக்கிறது.

அப்போது வந்தாள் மஸாஹிமா.
நுழைவுச் சீட்டைப் பல்லில் கடித்தபடி
பார்சலைத் தூக்கி நிலத்தில் வைத்து
ஒரு அங்கியை உருவி மாட்டிக்கொண்டாள்.
"களுபோவில ஆஸ்பத்திரியில்
நாற்பது கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர்.
நீங்க அந்தப் பக்கம் பாருங்க, தங்கச்சி."

நாடி பிடிப்பவளின் கை.
மூன்று விநாடிக்கு ஒரு பெண்.
கருப்பிணி ஒருத்தியைத் தொடாமலே அனுப்பினாள்.
யாரைக் கேட்டு, என்று ஓடிவந்தார் மேற்பார்வையாளர் நிஹால்.
அங்கியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.
கையிலிருந்த வோக்கி டோக்கியைத் திட்டிக்கொண்டே
திரும்பிப் போனார்.

எட்டாவது ஓவரில் அதே வோக்கி டோக்கி சொன்னது:
ஒக்கோம அரின்ன.
கதவு முழுவதுமாய்த் திறந்தது.
போத்தலோடு, குடையோடு,
காசு குலுங்கும் பையோடு
மிச்சச் சனம் எங்களைக் கடந்து ஓடியது.
முதலில் வந்தவர்களிடம்தான்
இப்போது குடிக்கத் தண்ணீர் இல்லை.

"போங்கோ, இன்னும் பன்னிரண்டு ஓவர் இருக்கு."
அவள் போகவில்லை.
அங்கியை நாலாய் மடித்துப்போட்டு
கதிரையில் இருந்து செருப்பைக் கழற்றினாள்.
பார்சலைப் பிரித்தேன்.
பருப்பு வாழையிலையைத் தாண்டிப்
பத்திரிகைத் தாளில் ஊறியிருந்தது.
உள்ளே மறுபடி கூச்சல்.
"இது சிக்ஸர்" என்றாள், சோற்றைப் பிசைந்தபடி.
எப்படித் தெரியும்?
"தெரியாது.
யாராவது சொல்லத்தானே வேணும்."

பதினொன்றரைக்குக் கடைசி பஸ்.
நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.
சில்லறை இல்லையா, என்று எரிந்து விழுந்தார் கொண்டக்டர்.
இல்லை என்றேன்,
ஒரு வாளி நிறையக் காசை
இருட்டில் விட்டுவிட்டு வந்தவள்.